மலிவான ஒயினும் பீரும்: வீட்டில் கெடாமல், சுவை குறையாமல்

விலை குறைந்த சிவப்பு ஒயின் "எரிகிறது, காட்டமாக இருக்கிறது" என்ற புகார் பெரும்பாலும் சூட்டால் வருவது. அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற பழைய விதி, 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் இருந்த குளிர்நாட்டு அறைகளுக்கானது. 30 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் முதலில் மூக்கில் ஏறும்; பழ வாசனை அமுங்கிப்போகும். அப்படி இருக்கும் பாட்டிலை ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். லேசான சிவப்பு என்றால் 13 டிகிரி வரைகூட இறக்கலாம். அதற்குக் கீழே போனால் துவர்ப்பு தூக்கலாகத் தெரியும்.

வெள்ளை ஒயினில் தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் வாசனை எதுவும் எழாது. வெளியே எடுத்து 15 நிமிடம் கழித்து ஊற்றுங்கள். 8 முதல் 12 டிகிரி போதும். ஒயினே சுமார்தான் என்றால் மட்டும் அந்தக் கடுங்குளிர் உதவும், குறையை மறைத்துவிடும். அவசரத்துக்கு ஒரு பாத்திரத்தில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கை உப்பு. பாட்டிலைக் கழுத்துவரை மூழ்க வைத்தால் 20 நிமிடத்தில் குளிர்ந்துவிடும். வெறும் ஐஸில் நிற்கவைத்தால் இடையில் காற்று நிற்பதால் இதைவிட நேரம் பிடிக்கும். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் பீர் மைனஸ் 3 டிகிரிக்கு அருகிலேயே உறையத் தொடங்கி பாட்டிலை உடைக்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கண்ணாடி, மூடி, லேபிள், போக்குவரத்து ஆகியவற்றின் செலவு மலிவான பாட்டிலிலும் ஏறக்குறைய அதேதான். அதனால் அடிமட்ட விலையிலிருந்து ஒரு படி மேலே போகும்போது, கூடுதலாகத் தரும் பணத்தில் பெரும்பங்கு ஒயினுக்குப் போகிறது. ஒயினை முதிரவைக்கும் ஓக் மரப் பீப்பாய் விலை உயர்ந்தது. மலிவான ஒயினில் வரும் ஓக் வாசனை பெரும்பாலும் மரச்சில்லுகளைப் போட்டு ஏற்றியது. ஆகவே எஃகுத் தொட்டியில் செய்த, ஒன்றிரண்டு வருடமே ஆன இளம் ஒயினைத் தேடுங்கள். போர்ச்சுகலின் வின்யோ வெர்டே, பிரான்ஸின் மஸ்கடே, ஸ்பெயினின் கார்னாச்சா எல்லாம் இந்த விலையில் நேர்மையான ஒயின்கள். ஸ்பெயினின் நுரைக்கும் ஒயினான காவாவுக்கும் ஷாம்பெயினைப் போலவே பாட்டிலுக்குள்தான், நுரையைத் தரும் இரண்டாவது நொதிப்பு நடக்கிறது. விலை மட்டும் வெகுவாகக் குறைவு. பாட்டிலின் கனத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். ஒரே நாளில் தீர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. பாட்டிலைத் திறந்ததுமே, காலியான 375 மில்லி பாட்டில் ஒன்றைச் சுத்தமாகக் கழுவி, அதில் விளிம்புவரை ஊற்றி, இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். உள்ளே காற்றுக்கு இடமே இல்லாததால், பாதி காலியான பெரிய பாட்டிலில் இருப்பதைவிட நன்றாகத் தாங்கும். சிவப்பையும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். நுரைக்கும் ஒயினின் கழுத்தில் ஸ்பூனைச் செருகுவதால் எந்தப் பயனும் இல்லை. அதற்கென்று விற்கும் கவ்வுமூடிதான் வாயுவைக் காக்கும். அன்றாடம் ஒரு கிளாஸ் போதும் என்பவர்களுக்கு 3 லிட்டர் பெட்டி ஒயினையே சொல்வேன். உள்ளிருக்கும் பை சுருங்கிக்கொண்டே வருவதால் திறந்தபின் நான்கு வாரம் வரை நிற்கும்.

தீக்குச்சி அல்லது அவித்த முட்டை வாசனை வந்தால் கொட்டிவிடாதீர்கள். ஒரு ஜக்கில் ஊற்றி நன்றாகச் சுழற்றினால் கால் மணி நேரத்தில் பெரும்பாலும் போய்விடும். நனைந்த அட்டை வாசனை கார்க்கிலிருந்து வரும் டிசிஏ என்ற வேதிப்பொருளால் வருவது. அதற்குப் பரிகாரம் கிடையாது. திருகு மூடியில் இந்தத் தொல்லை மிக அரிது. திருகு மூடி என்றாலே மட்டம் என்று நினைப்பதை விட்டுவிடலாம்.

பீருக்கு முதல் எதிரி வெளிச்சம். பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் சிதைந்து, கந்தகம் கலந்த துர்நாற்றமுள்ள சேர்மமாக மாறுகிறது. வெயிலில் சில நிமிடங்களே போதும். பழுப்பு பாட்டில் ஓரளவு தடுக்கும். பச்சையும் நிறமற்றதும் கிட்டத்தட்டத் தடுப்பதே இல்லை. டின் முழுமையாகத் தடுக்கும். ஒரே பீர் இரண்டிலும் கிடைத்தால் டின்னை எடுங்கள். நாள்பட்டால் பீரிலும் அட்டை வாசனை வரும், சூட்டில் இன்னும் சீக்கிரம். தயாரித்த தேதியைப் பார்த்துப் புதியதாக வாங்குங்கள்.

அடுத்தது கிளாஸ். நுரை உடனே அடங்கினாலோ, குமிழிகள் உள்சுவரில் ஒட்டி நின்றாலோ எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம். நனைத்த கிளாஸின் உள்ளே உப்பைத் தூவிப் பாருங்கள். பிசுக்கு உள்ள இடத்தில் மட்டும் ஒட்டாது. சோப்பு மிச்சமும் நுரையைக் கொல்லும், எனவே வெந்நீரில் அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள். ஃப்ரீசரில் உறையவைத்த கிளாஸ் வேண்டாம்: பனித்துகள் தேவையற்ற நுரையைக் கிளப்பும், நாக்கும் மரத்துப்போகும். லாகர் வகை பீருக்கு 4 முதல் 7 டிகிரி, கருநிற ஸ்டவுட் பீருக்கு 10 முதல் 13.

கிளாஸை 45 டிகிரி சாய்த்துப் பக்கச்சுவரில் ஊற்றத் தொடங்கி, பாதிக்கு மேல் நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். இரண்டு விரல் நுரை நிற்க வேண்டும். நுரையே வராமல் ஊற்றினால் வாயு முழுவதும் வயிற்றுக்குள் போய் உப்பும். வடிகட்டாத கோதுமை பீரில் கடைசி இரண்டு அங்குலம் பாட்டிலிலேயே இருக்கட்டும். அதைச் சுழற்றி அடியில் தங்கிய ஈஸ்ட்டைக் கலக்கி, நுரைமேல் ஊற்றுங்கள். லேபிளில் கிரிஸ்டால் என்று இருந்தால் அது வடிகட்டியது, நேரே ஊற்றலாம்.