டூரோ ஆற்றங்கரையில் அப்பாவுடன் ஒரு நாள்

செப்டம்பர் 24, 2023, ஞாயிறு, போர்ட்டோ, போர்ச்சுகல்

அப்பா இங்கு வந்து பத்து நாளாகிறது. கடற்கரை, தேவாலயம், இரும்புப் பாலம் எல்லாம் காட்டிவிட்டேன். எதைக் காட்டினாலும் "நன்றாக இருக்கிறது தாயி" என்பார், அதோடு சரி. இன்று காலை சமையலறை ஜன்னலோரம் நின்றவர் திடீரென்று, "இந்த நாட்டில் திராட்சை எந்தப் பக்கம் விளைகிறது?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. கம்பம் பக்கத்துச் சுருளிப்பட்டியில் நாற்பது வருடமாகப் பன்னீர் திராட்சை போடுகிறவரை, திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன டூரோ ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறேன்.

ஆற்றோரமாகவே ரயில் போகிறது, அழகான பாதை. ஆனால் நிலையத்தில் இறங்கியபின் எல்லாம் ஏற்றம். அப்பாவின் வலது முழங்கால் அதற்கு ஒத்துவராது. பஸ்ஸில் கூட்டமாகப் போனால் மூன்று இடத்தில் ஒயின் சுவைக்க நிறுத்துவார்கள், அப்பா குடிப்பதில்லை. அதனால் எங்கள் இருவருக்கும் மட்டும் தனிக் கார் பேசுவதென்று முடிவு செய்தேன். முதலில் பேசிய இடத்தில், ஒயின் சுவைக்காதவருக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்றார்கள். மனம் வருந்தி வைத்துவிட்டேன். இரண்டாவதாகப் பேசிய பெண், "உங்கள் அப்பா விவசாயியா? அப்படியானால் நான் காட்டுகிற இடங்களே வேறு" என்றார். வெள்ளிக்கிழமைக்கு உறுதி செய்துவிட்டேன்.

செப்டம்பர் 27, புதன்

மாலையில் ஆற்றைக் கடந்து காயா பக்கம் நடந்தோம். போர்ட் என்னும் இனிப்பு ஒயினை முதிர வைக்கும் கிடங்குகள் வரிசையாக இருக்கும் கரை இது. ஒரு கிடங்கின் வாசலில் பழைய மரப் பீப்பாய்களை அடுக்கியிருந்தார்கள். இதற்கு இங்கே என்ன பெயர் என்று அப்பா கேட்டார். "பீப்பா" என்றேன்.

நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துவிட்டார். உண்மையிலேயே அதுதான் பெயர். நம் பீப்பாய் போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் அதே கப்பலில் வந்தவைதான். ஆனால் டூரோவில் பீப்பாய் வெறும் பாத்திரம் இல்லை, அளவும் அதுவே. ஒரு பீப்பாய் என்றால் 550 லிட்டர். விளைச்சலும் விலையும் அந்தக் கணக்கில்தான் பேசப்படுகின்றன. அப்பா அந்தப் பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "நம் வாயில் புழங்கும் சொல் இவர்கள் களத்தில் கிடக்கிறதே!" என்றார். வந்த இத்தனை நாளில் முதன்முறையாக அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

செப்டம்பர் 29, வெள்ளி, இரவு 11.30

அப்பா தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலை ஏழரைக்குக் கார் வந்தது. அன்று பேசிய பெண்தான் ஓட்டி வந்தார், அவரே வழிகாட்டி. டூரோக் கரையிலுள்ள பின்யாவோ ஊருக்கு மேலே ஒரு கிராமத்தில் பிறந்தவர், குடும்பத்துக்கு இன்னும் ஒரு ஹெக்டேருக்குச் சற்றுக் கூடுதலாகத் தோட்டம் இருக்கிறது. அப்பாவை முன் இருக்கையில் உட்கார வைத்தார். நான் பின்னாலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன்.

அமரான்டே ஊரை நெருங்கும்போது அப்பா கையை நீட்டி, நிறுத்தச் சொன்னார். சாலையோரம் ஒரு வீட்டுத் தோட்டம். கருங்கல் தூண்கள், மேலே கம்பி, அதன்மேல் படர்ந்த திராட்சைக் கொடி, கீழே முட்டைக்கோஸ். "பந்தல்!" என்றார் அப்பா. மழை மிகுந்த இந்த மேற்குப் பகுதியில் பழைய முறையில் கொடியை இப்படி உயரத்தில்தான் ஏற்றுவார்கள். கீழே காய்கறிக்கு இடம் கிடைக்கும், ஈரமும் கொடியைத் தாக்காது. கம்பத்தில் நாம் நடுகிற அதே கல்தூண்! அப்பா இறங்கிப் போய் ஒரு தூணை அணைத்தாற்போல நின்று படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு மராவோ மலை. 2016இல் திறந்த சுரங்கப் பாதை ஐந்தரைக் கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. உள்ளே நுழையும்போது இருந்த பசுமை வெளியே வந்ததும் இல்லை. மலை காய்ந்து பழுப்பேறிக் கிடக்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் மழையை மராவோ தடுத்துவிடுகிறது என்று வழிகாட்டி விளக்கத் தொடங்கினார். நான் மொழிபெயர்ப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்: "குமுளியில் கொட்டும், கம்பத்தில் காயும். அதே கதைதான்." ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்பது டூரோக்காரர்களின் சொல்வழக்கு. நமக்கு அந்த மழை மறைவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் வாய்த்தது. இவர்கள் பெரும்பாலும் கொடிக்குத் தண்ணீரே பாய்ச்சுவதில்லை. வேர் தானாகவே பாறை இடுக்கில் இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்ள வேண்டும்.

கலாஃபுரா மலை உச்சியில் நின்று கீழே பார்த்தபோதுதான் அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. ஆறு வளைந்து வளைந்து போகிறது. இரு கரையிலும் உச்சிவரை படிப்படியாகத் தோட்டம், ஒவ்வொரு படிக்கும் ஒரு கற்சுவர். 2001இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆற்றின் அழகைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அப்பா நெடுநேரம் சுவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதைக் கட்டியது யார்?"

வழிகாட்டி சொன்னார். இங்கே மண் என்று ஒன்று இருக்கவில்லை. ஷிஸ்ட் என்னும் பாறைதான், ஏடு ஏடாக உரியும். கடப்பாரையால் பாறையைப் பெயர்த்து, பெரிய துண்டுகளைச் சுவராக அடுக்கி, சிறு துண்டுகளை நொறுக்கி உள்ளே கொட்டி, அதில்தான் கொடி நட்டார்கள். உள்ளூர்க்காரர்களோடு வடக்கே ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து பிழைக்க வந்த கூலியாட்களும் சேர்ந்து கட்டினார்கள். சாந்து கிடையாது, கல்லின்மேல் கல்தான். மழைத் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும். சுவர் சரிந்தால் மறுபடியும் கையால்தான் அடுக்க வேண்டும், அது தெரிந்த கொத்தர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள்.

"நாம் மண்ணிலிருந்து கல்லைப் பொறுக்கி எறிகிறோம். இவர்கள் கல்லையே மண்ணாக்கியிருக்கிறார்கள்" என்றார் அப்பா. இதை நான் போர்த்துகீசில் சொன்னபோது வழிகாட்டியின் கண் கலங்கியது.

எதிர்ச்சரிவில் ஓரிடத்தில் படிகள் மட்டும் இருந்தன, கொடி இல்லை, புதர் மண்டிக் கிடந்தது. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி அழித்த தோட்டங்களில் அதுவும் ஒன்று. அப்படி அழிந்து திரும்ப நடப்படாத இடங்களை 'மோர்டோரியோ' என்கிறார்கள், சாவோடு சேர்த்துச் சொல்கிற சொல். பூச்சிக்கு ஈடுகொடுக்கும் அமெரிக்க வேர்ச்செடியில் தங்கள் கொடியை ஒட்டுக் கட்டித்தான் மற்றவை பிழைத்தன. "நம் பக்கத்துத் தோட்டத்தில் டாக்ரிட்ஜில் ஒட்டுக் கட்டினார்களே, அதுவும் அமெரிக்கச் செடிதானே" என்றார் அப்பா. அந்தக் கஷ்ட காலத்தில் தோட்டங்களை விடாமல் வாங்கியும் நட்டும் ஊருக்கு வேலை கொடுத்த தோனா அன்டோனியா ஃபெரெய்ரா என்ற விதவையை இங்கே இன்றும் செல்லமாக 'ஃபெரெய்ரினியா' என்கிறார்கள். 1861இல் ஆற்றுச் சுழலில் அவர் சென்ற படகு கவிழ்ந்தது. அந்த ஆற்றுக்கே வரைபடம் தந்த ஃபாரெஸ்டர் பிரபு அதில் மூழ்கிப்போனார். அன்டோனியாவை அவருடைய அகன்ற பாவாடை மிதக்க வைத்துக் கரை சேர்த்தது என்பது ஊர்க்கதை.

கீழிறங்கும் வழியில், சுவரோரமாக நட்டிருந்த ஒரு கருங்கல்லைக் காட்ட வழிகாட்டி வண்டியை நிறுத்தினார். இடுப்பளவு உயரம். பாசி படிந்த முகத்தில் 'ஃபெய்டோரியா' என்று செதுக்கியிருந்தது, கீழே 1758. அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒன்று, ஏழு, ஐந்து, எட்டு என்று ஒவ்வோர் எண்ணின் பள்ளத்திலும் விரலை ஓட்டினார். எட்டின் வளைவில் விரல் நின்றுவிட்டது.

அது எல்லைக்கல். 1756இல் அன்றைய போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் பிரபுவின் ஆட்சியில் டூரோவுக்கு எல்லை வகுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில், 'ஃபெய்டோரியா' எனப்பட்ட ஏற்றுமதித் தர ஒயின் விளையும் பகுதியைச் சுற்றி இப்படி 335 கற்களை நட்டார்கள். கலப்படம் அந்த அளவுக்குப் பெருகியிருந்தது. நிறத்துக்காக எல்டர்பெர்ரிப் பழச்சாற்றைக் கலந்தார்கள். அதற்காக அந்த மரங்களையே வெட்டச் சொல்லி ஆணையிட்டார் பொம்பால். அப்பா என்னைப் பார்த்தார். எங்கள் பன்னீர் திராட்சைக்கு இந்த ஆண்டுதான் புவிசார் குறியீடு கிடைத்தது. "இவர்கள் கல்லே நட்டிருக்கிறார்கள்" என்றார்.

ரேகுவாவிலிருந்து பின்யாவோவுக்கு ஆற்றோரம் 27 கிலோமீட்டர். உலகிலேயே சிறந்த சாலைகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. கண்ணுக்கு விருந்துதான். அறுவடைக் காலம் என்பதால் டிராக்டர்களுக்கு வழிவிட்டு மெதுவாகவே போனோம். பின்யாவோ ரயில் நிலையத்தில் 1937இல் பதித்த நீல ஓட்டுச் சித்திரங்களில் பெண்கள் கொத்து வெட்ட, ஆண்கள் கூடை சுமக்கிறார்கள்.

மதிய உணவு ஒரு தோட்டத்து வீட்டில். புரட்டாசி என்பதால் அப்பா இந்த மாதம் முழுவதும் சைவம். முன்கூட்டியே சொல்லியிருந்தேன். இறைச்சி போடாமல் கீரை சூப், பீன்ஸ் சேர்த்த சோறு, ரொட்டி, அந்தத் தோட்டத்து ஆலிவ் எண்ணெய், அத்திப்பழம். சாப்பிட்டதும் பழைய கொடிகள் நிற்கும் வரிசைக்குக் கூட்டிப்போனார்கள். ஒரே வரிசையில் பத்து வகை கலந்து நிற்கின்றன. டூரிகா நாசியோனல், டின்டா ரோரிஸ் என்று இலையைப் பார்த்தே பெயர் சொன்னார் வழிகாட்டி, தாத்தா கற்றுக்கொடுத்ததாம். அப்பா குனிந்து ஒரு தூரைப் பிடித்துப் பார்த்தார். தொடை பருமன், முறுக்கிய கயிறுபோல. "கவாத்து சுத்தமாகச் செய்திருக்கிறார்கள்" என்றார். அவர் ஒருவரைப் பாராட்டுவதில் இதற்குமேல் ஒன்றும் கிடையாது.

அங்கே உட்கார்ந்துதான் வழிகாட்டி தன் வீட்டுக் கவலையைச் சொன்னார். போர்ட் ஒயினாக எவ்வளவு ஆக்கலாம் என்று ஆண்டுதோறும் அளவு கட்டுகிறார்கள். போன ஆண்டு 1,16,000 பீப்பாய், இந்த ஆண்டு 1,04,000. அந்த அளவுக்குள் அடங்கும் பழத்துக்கு ஒரு விலை, மிஞ்சியதற்கு மிகக் குறைந்த விலை. கூலி கொடுத்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை, அண்ணன் தோட்டத்தை விற்றுவிடலாம் என்கிறார், அம்மா விடமாட்டேன் என்கிறார். அப்பா ஒன்றும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு மிதி. கருங்கல் தொட்டியில் முழங்காலுக்கு மேல் திராட்சை. பதினாறு பேர் தோளோடு தோள் கோத்து இரண்டு வரிசையாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க, இடது வலது என்று காலை மெல்லத் தூக்கி வைத்தார்கள். இரண்டு மணி நேரம் இப்படியே நடக்கும். விதை உடையக் கூடாது, தோல் நசுங்க வேண்டும், அதற்கு மனிதக் காலைவிட மேலான கருவி இல்லை என்றார்கள். அப்பாவால் இறங்க முடியாது. பக்கத்துத் தொட்டியில் முந்தின நாள் மிதித்தது நுரைத்துக்கொண்டிருந்தது. கேட்டுவிட்டு அதில் உள்ளங்கையை வைத்தார். "சூடாக இருக்கிறது தாயி, கறந்து முடிக்காத மடிபோல." நொதிக்கும் சூடு அது. சர்க்கரை தீருமுன் அதை நிறுத்த, 435 லிட்டர் சாறுக்கு 115 லிட்டர் திராட்சைச் சாராயம் சேர்க்கிறார்கள். கூட்டினால் சரியாக ஒரு பீப்பாய்.

விடைபெறும்போது ஒரு கிண்ணத்தில் போர்ட் கொடுத்தார்கள். அப்பா அதை வாங்கி முகர்ந்து பார்த்து, கண்ணில் ஒற்றி, என்னிடம் கொடுத்தார். நான் குடித்தேன். திரும்பும்போது மராவோவுக்குமேல் பௌர்ணமி நிலவு.

செப்டம்பர் 30, சனி

முழங்கால் வீங்கியிருக்கிறது. ஒத்தடம் கொடுத்தேன். அப்பாவின் உள்ளங்கையில் ஊதா நிறம் இன்னும் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்க்கவும் விடமாட்டேன் என்கிறார்.

அக்டோபர் 2, திங்கள்

காலையில் அண்ணனிடம் போனில் பேசினார். வியாபாரி வந்து கேட்ட விலையை அண்ணன் சொன்னான், கட்டுப்படியாகாது. வழக்கமாக அப்பா இதற்குச் சலித்துக்கொள்வார். இன்று, "கொடுக்காதே, சங்கத்தில் பேசிவிட்டு முடிவு செய்யலாம்" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டுத் தாளும் பேனாவும் எடுக்கச் சொன்னார். அந்த எல்லைக்கல் படத்தை அச்செடுத்து, கீழே தமிழில் எழுதித் தர வேண்டுமாம், ஊருக்குப் போனதும் சங்கத்தில் காட்டுவதற்கு. எத்தனை கல், யார் நட்டது, எதற்காக நட்டது. நான் எழுதி வாசித்துக் காட்டினேன்.

"வருடத்தை விட்டுவிட்டாயே. 1758. பெரிதாக எழுது, கடைசி வரிசையில் இருக்கிறவனுக்கும் தெரியட்டும்."