ராபர்ட் வுட்ஸின் 6.5 கோடி டாலர்

2020 செப்டம்பரில் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-ல் ஆடும் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி, எறியும் பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரரான ரிசீவர் ராபர்ட் வுட்ஸின் ஒப்பந்தத்தை நான்கு ஆண்டுகளுக்கு நீட்டித்தது. மொத்தம் 6.5 கோடி டாலர், அதில் 3.2 கோடிக்கு உத்தரவாதம். பழைய ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு சீசன் பாக்கி இருந்தது. அதே மாதம் அரிசோனா அணி இன்னொரு ரிசீவரான டிஆண்ட்ரே ஹாப்கின்ஸுக்கு இரண்டு ஆண்டு நீட்டிப்புக்கு 5.45 கோடி டாலர் கொடுத்தது.

2019 சீசன் கணக்கில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹாப்கின்ஸ் 104 கேட்ச், 1,165 யார்டு, 7 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் நுழைந்து புள்ளி எடுப்பது). வுட்ஸ் 90 கேட்ச், 1,134 யார்டு, 2 டச்டவுன். வித்தியாசம் 31 யார்டு. சம்பளத்திலோ ஆண்டுக்கு 1.1 கோடி டாலர் இடைவெளி. பந்தைப் பிடிப்பதில் ஹாப்கின்ஸ் ஒரு படி மேல் என்பதில் சந்தேகமில்லை. நெருக்கடியில் கையை நீட்டிப் பறிக்கும் அந்தத் திறமைக்குத் தனி விலை உண்டு. ஆனால் வுட்ஸ் செய்த வேலையில் பாதிக்கும் மேல் இந்த அட்டவணையில் வரவே வராது. அமெரிக்கக் கால்பந்தில் ரிசீவரின் மதிப்பைப் பேச உட்காருகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

ராம்ஸ் பயிற்சியாளர் ஷான் மெக்வேயின் ஆட்டமுறையைத் தெரிந்துகொண்டால் காரணம் புரியும். பெரும்பாலான ஆட்டங்களில் அவர் மூன்று ரிசீவர், ஒரு டைட் எண்ட் (லைன் ஓரத்தில் நின்று மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்), ஒரு ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்) என்று ஒரே அமைப்பில் ஆளை இறக்குவார். மூன்று ரிசீவர் நின்றால் எதிரணி, தன் முன்வரிசைக்குப் பின்னே நிற்கும் கனமான தடுப்பாளரான ஒரு லைன்பேக்கரை வெளியே எடுத்துவிட்டு, ஓட்டத்தில் வேகமான ஐந்தாவது தடுப்பாளரை உள்ளே கொண்டுவரும். உள்ளே ஆள் இலகுவாகிவிட்டதால் பந்தைக் கையில் கொடுத்து ஓடவிடுவது லாபம். ஆனால் ஒரு நிபந்தனை: அந்த மூன்று ரிசீவர்களும் பிளாக் செய்யத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். பந்து வைத்திருப்பவரை எதிராளி நெருங்காதபடி உடம்பால் மறித்து நிற்பதுதான் பிளாக். அது இல்லையென்றால் அமைப்பே குலைந்துவிடும்.

வுட்ஸ் பெரும்பாலும் மைதான ஓரத்தில் நிற்கமாட்டார். லைனில், அதாவது மறிப்பவர்களின் முன்வரிசையில், கடைசியாக நிற்கும் டேக்கிளுக்கு நாலைந்து எட்டு தள்ளி, நெருக்கமாக நிற்பார். ஸ்னாப் ஆனதும், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கியதும், உள்பக்கம் திரும்பி ஒரு லைன்பேக்கரையோ, கடைசி வரிசைத் தடுப்பாளரான சேஃப்டியையோ மறிப்பார். வுட்ஸ் ஆறடி உயரம், எடை 90 கிலோவுக்குள். எதிரே வரும் லைன்பேக்கர் 105 கிலோ இருப்பார். பலத்தை நம்பி அந்த மோதலுக்குப் போக முடியாது. கால்தான் காப்பாற்ற வேண்டும்.

ஒரு பிளாக்கை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் வேலை விளங்கும். முதல் மூன்று எட்டு முழு வேகம். ஆளை நெருங்கும் கடைசி இரண்டு எட்டைச் சின்னதாக்கி, கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, இடுப்பைத் தாழ்த்த வேண்டும். கை எதிராளியின் மார்புக் கவசத்துக்குள் போக வேண்டும். கட்டைவிரல் மேல்நோக்கி, முழங்கை விலாவோடு ஒட்டி. அதன்பிறகு தள்ள வேண்டிய அவசியம்கூட இல்லை. ஓடுபவர் கடந்து போகும்வரை இரண்டு மூன்று விநாடி காலை நிறுத்தாமல் எதிராளியோடு நகர்ந்தால் போதும். ரிசீவர்கள் பலர் தவறுவது அந்தக் கடைசி இரண்டு எட்டில். வேகத்தைக் குறைக்காமல் பாய்ந்தால் எதிராளி ஒரு தோளைத் தாழ்த்தி நழுவிவிடுவார். தலையைக் குனிந்து போனால் ஆளே கண்ணுக்குத் தெரியாது. கை தோளுக்கு வெளியே போய்ச் சட்டையைப் பிடித்தால் மஞ்சள் கொடி, 10 யார்டு போச்சு. ஓரத்திலிருந்து உள்பக்கம் வந்து மோதும்போது இடுப்புக்குக் கீழேயோ தலையிலோ படக்கூடாது. சொந்த எல்லைக்கோட்டை நோக்கித் திரும்பி வந்து, பார்க்காத ஆளை முரட்டுத்தனமாக இடிப்பதும் 2019 முதல் குற்றம், 15 யார்டு. இத்தனை கட்டுப்பாட்டுக்குள் வாரம் தவறாமல் செய்வது சாதாரணமில்லை.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. வுட்ஸ் உள்பக்கம் போய் சேஃப்டியை மறிக்கும்போது அவருக்கு எதிரே நின்ற கார்னர்பேக்கை (ரிசீவரைக் காக்கும் ஓரத் தடுப்பாளர்) யாரும் தொடுவதில்லை. கார்னருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது, ரிசீவர் உள்ளே திரும்பினால் உடனே குரல் கொடுத்துவிட்டு முன்னால் ஓடிவந்து அந்த இடத்தை அடை என்பது. இரண்டு மூன்று முறை அப்படி ஓடிவந்து பழகிவிடுவார். நான்காம் முறை வுட்ஸ் அதே எட்டு, அதே தோள் திருப்பத்தோடு உள்ளே வந்து, பிளாக் செய்வதுபோல் காட்டிவிட்டு, கார்னரின் முதுகுப் பக்கம் நழுவி ஓடுவார். பந்தை எறிபவரான குவார்ட்டர்பேக் அதை ரன்னிங் பேக்கிடம் கொடுப்பதுபோல் பாசாங்கு செய்து எறிவார். 25 யார்டு கேட்ச். கணக்கில் ஏறுவது அந்தக் கேட்ச் மட்டும்தான். அதற்கு முன்பணம் கட்டியது மூன்று பிளாக்.

ஸ்னாப்புக்கு முன் மைதானத்தின் குறுக்கே ஓடிவந்து பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்தையும் 2018-ல் அவரிடம் அடிக்கடி கொடுத்தார்கள். 19 முறை ஓடி 157 யார்டு எடுத்தார். பந்து கையில் வராத முறைகளிலும் லைன்பேக்கர் ஓர் எட்டு பக்கவாட்டில் வைத்தே ஆக வேண்டும். அந்த ஓர் எட்டில் நடுவே சந்து திறந்துவிடும்.

2019 ஜனவரி 12, டாலஸ் அணியுடனான பிளேஆஃப் ஆட்டம். ராம்ஸ் 273 யார்டு ஓடியது, 30-22 என வென்றது. ரன்னிங் பேக்குகளில் டாட் கர்லி 115 யார்டு, சி.ஜே. ஆண்டர்சன் 123. ஆண்டர்சன் அணியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. புதிதாக வந்தவருக்கும் அதே வழி திறக்கிறது என்றால், அந்த வழியை வெட்டியவர்களின் கைவண்ணம்தானே அது? முதல் பெருமை முன்வரிசையில் நின்று மறிக்கும் லைன்மேன்களுக்கு. ஆனால் பத்து யார்டுக்குப் பிறகும் ஓட்டம் நீள்வதற்கு ரிசீவர்களே காரணம்.

“எண்ணில் வராத மதிப்பு” என்பதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சரிபார்க்க வழி இருக்கிறது. 22 பேரும் தெரியும் பதிவை எடுத்து, ஒவ்வொரு ஆட்டத்தையும் ரிசீவரை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். கொடுத்த ஆளையே மறித்தாரா, கை சரியான இடத்தில் இருந்ததா, விசில் வரை விடாமல் நின்றாரா என்று மூன்று கட்டத்தில் கூட்டல் கழித்தல் குறி போட வேண்டும். நாலு ஆட்டம் போட்டாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். வுட்ஸின் பழைய வரலாறும் சாட்சி சொல்கிறது. பஃபலோவில் நான்கு ஆண்டு ஆடியதில் அவரது உச்சம் 699 யார்டு, 700-ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் 2015, 2016 இரண்டு ஆண்டும் லீக்கிலேயே அதிகம் ஓடிய அணி பஃபலோ. 2017-ல் ராம்ஸ் அவரை ஐந்தாண்டுக்கு 3.4 கோடி டாலர் கொடுத்து எடுத்தபோது, அந்த 699-ஐத் தாண்டிப் பார்க்கத் தெரிந்திருந்தது.

ஆனாலும் பேரம் பேசும் மேசையில் இது பலவீனமான சரக்கு. ஏஜென்ட் எடுத்துவைப்பது அதே வயதுக்காரர்களின் கேட்ச், யார்டு, டச்டவுன். ஊக்கத்தொகை விதிகளும் லீக் எண்ணும் எண்களில்தான் கட்டப்படும். பிளாக்குக்கு அப்படி ஓர் அதிகாரபூர்வ எண் கிடையாது. அதனால் பிளாக் செய்யும் ரிசீவர் அடிப்படைத் தொகையையும் உத்தரவாதத்தையும் உயர்த்தக் கேட்பதே புத்தி. அவர் உண்மையில் நம்பக்கூடிய பணம் உத்தரவாதம் மட்டுமே. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதற்காகத் தரும் கையெழுத்துப் பணத்தை அணி தன் சம்பள உச்சவரம்புக் கணக்கில் ஐந்தாண்டு வரை பிரித்துப் போடலாம். 1 கோடி என்றால் ஆண்டுக்கு 20 லட்சம். இரண்டாண்டு கழித்து ஜூனுக்கு முன் ஆளை வேறு அணிக்கு மாற்றிவிட்டால் மிச்சம் 60 லட்சமும் அந்த ஆண்டிலேயே வந்து விழும். அந்தச் சுமை ஆட்டக்காரருக்கு ஓரளவு கேடயம், முழுக் கேடயம் இல்லை.

வுட்ஸ் விஷயத்தில் நடந்ததும் அதுதான். 2021 நவம்பர் 12, பயிற்சியின்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. மூன்று மாதம் கழித்து ராம்ஸ், லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை வென்றது. அந்த ஆட்டத்தில் 23 ஓட்டத்தில் கிடைத்தது வெறும் 43 யார்டு. எதிரணியான சின்சினாட்டியின் தடுப்பு வலுவானதுதான், பழியை ஒரே காரணத்தில் போட முடியாது. இருந்தாலும் மறிக்க யார் இல்லை என்பது கண்ணில் படாமல் போகாது. 2022 மார்ச்சில் ராம்ஸ் இன்னொரு ரிசீவரான ஆலன் ராபின்சனை எடுத்தது. அடுத்த சில நாளில் வுட்ஸை, புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் ஏலமில்லாத தேர்வில் ஓர் ஆறாம் சுற்று வாய்ப்புக்குப் பதிலாக டென்னஸியிடம் கொடுத்துவிட்டது. அங்கே அந்த ஆண்டு ரன்னிங் பேக் டெரிக் ஹென்றி 1,538 யார்டு ஓடினார். வுட்ஸ் 53 கேட்ச், 527 யார்டு. 2023 பிப்ரவரியில் டென்னஸி அவரை விடுவித்தபோது, நீட்டிப்பில் சேர்த்த நான்கு ஆண்டில் ஒன்றுதான் கழிந்திருந்தது.