ஏழு ஊசிகள்

அறுவை அரங்குக்குள் போகுமுன் நோயாளியிடமிருந்து வாங்கி வைக்க வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் உண்டு. பல் செட், கண்ணாடி, காது மெஷின், நகைகள், கொண்டை ஊசிகள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதில் முஸ்லிம் பெண்களின் முக்காடு இல்லை. அதைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எப்படிச் சொல்வது என்றுதான் யாருக்கும் தெரியாது. நானும் முக்காடு போட்டவள் என்பதால், "நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள் சிஸ்டர்" என்று என்னை முன்னே தள்ளிவிடுவார்கள். இப்படிப் பதினான்கு ஆண்டுகள். என் தலையில் போட்டுக்கொண்டு தெரிந்துகொண்டதைவிட, பிறர் தலையிலிருந்து எடுத்து வைத்துத்தான் அந்தத் துணியைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்டேன்.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவை நினைக்கிறேன். பித்தப்பையில் கல். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உள்ளே ஆண்கள் இருப்பார்களா மகளே?"

இல்லை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லவில்லை. "ஆபரேஷன் செய்யும் டாக்டர் பெண்தான் அம்மா. மயக்க மருந்து கொடுப்பவர் ஆண். கூட ஒரு டெக்னீஷியன் இருப்பார், அவரும் ஆண்" என்றேன்.

சற்று நேரம் கூரையைப் பார்த்தார். "நான் தூங்கிய பிறகு என் முடி வெளியே தெரியாமல் நீ பார்த்துக்கொள்வாயா?"

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதன்பிறகே ஊசிகளைக் கழற்ற ஆரம்பித்தார். தாடைக்குக் கீழே ஒன்று, காதோரம் பக்கத்துக்கு இரண்டு, தோளில் இரண்டு. ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தார். ஏழு. திசுவை வெட்டவும் ரத்தக்கசிவை அடக்கவும் பயன்படும் டயதர்மி கருவியின் மின்சாரம் உடலில் ஒட்டிய உலோகத்தைச் சூடாக்கிவிடக்கூடும் என்பதால் ஒரு ஊசிகூட உள்ளே போகக்கூடாது. காதை மூடும்படி காகிதத் தொப்பி ஒன்று, பிடரியை மறைக்க அதன்மேல் இன்னொன்று, கழுத்துவரை ஒரு விரிப்பு. மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தும்போது கழுத்தும் தாடையும் தெரிந்தே ஆக வேண்டும். அந்தச் சில நிமிடங்களுக்கு விரிப்பைத் தாழ்த்தினேன், முடிந்ததும் ஏற்றிவிட்டேன்.

மார்க்கச் சட்டத்தில் இதற்குப் பழைய விதி இருக்கிறது. நிர்ப்பந்தம் வந்தால் விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும். ஆனால் அந்த அனுமதி தேவையின் அளவோடு நின்றுவிடும். சிகிச்சைக்கு எவ்வளவு திறக்க வேண்டுமோ அவ்வளவு மட்டும். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அறுவைத் துணி விரிக்கும்போது நாங்கள் செய்வதும் அதுவேதான்: உடல் முழுவதும் மூடி, கத்தி படும் இடத்துக்கு மட்டும் ஒரு ஜன்னல்.

ஓய்வறையில் இதைப் பற்றிக் கேள்விகள் வரும். பெரும்பாலானவை குர்ஆனில் ஹிஜாப் பற்றி என்ன இருக்கிறது என்றுதான் தொடங்கும். ஹிஜாப் என்றால் திரை, தடுப்பு. நபியின் மனைவியரிடம் ஏதாவது கேட்பதென்றால் திரைக்கு அப்பாலிருந்து கேளுங்கள் என்ற 33:53ஆம் வசனத்தில் (33ஆம் அத்தியாயம், 53ஆம் வசனம்) அந்தச் சொல் வருகிறது. அங்கே அது தலைத்துணி அல்ல. தலைத்துணிக்கு உரிய சொல் கிமார், 24:31ஆம் வசனத்தில் இருக்கிறது. அரபுப் பெண்கள் முன்பே தலையில் துணி போட்டவர்கள்தான். அதை முதுகுப்பக்கம் தொங்கவிடாமல் முன்னால் இழுத்து மார்பை மறைத்துக்கொள்ளச் சொல்கிறது வசனம். தமிழ் மொழிபெயர்ப்புகளில் இது முன்றானை என்றும் முக்காடு என்றும் வருகிறது. முன்றானை என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். எந்த அசைவைச் சொல்கிறார்கள் என்பது கேட்டவுடனே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. வெளியே செல்லும்போது அணியும் மேலாடை ஜில்பாப் என்ற பெயரில் 33:59இல் வருகிறது.

ஆண்களுக்கு இதில் ஒன்றும் இல்லையா என்று ஒரு டெக்னீஷியன் கேட்டார். உங்களுக்குத்தான் முதல் கட்டளை என்றேன். 24:31க்கு முந்தைய வசனம் ஆண்களிடம் பார்வையைத் தாழ்த்தச் சொல்கிறது. எங்கள் முறை அதன்பிறகே வருகிறது. அவர் உடனே தம் காலணியைப் பார்த்தார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

இன்னொரு கேள்வி என்னையே யோசிக்க வைத்தது. நான் தொழுவதைக் கண்ட மயக்க மருந்து மருத்துவர் கேட்டார்: "அறையில் யாருமே இல்லை. பிறகு யாருக்காக முக்காடு?" தொழுகைக்கு அது நிபந்தனை, இருட்டில் தனியாகத் தொழுதாலும் பருவமடைந்த பெண்ணின் தலை மூடியிருக்க வேண்டும். ஆனால் தொழுது முடித்து பெண்கள் மட்டும் இருக்கும் உடைமாற்றும் அறைக்குப் போனால் முடியை விரித்துப்போட்டு வாரிக்கொள்வேன். அதற்குத் தடை இல்லை. தந்தை, சகோதரன், மகன் முன்னாலும் இல்லை. ஆண் பார்வை ஒன்றுதான் காரணம் என்று வைத்துக்கொண்டால் இருட்டுத் தொழுகைக்குப் பதில் கிடைக்காது. வணக்கம் ஒன்றுதான் காரணம் என்றால் உடைமாற்றும் அறைக்குப் பதில் இல்லை. இரண்டும் கலந்தது என்று சொன்னேன். அவருக்குத் திருப்தி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

என் தலைத்துணியே சிக்கலானதும் உண்டு. வேலை பார்த்த முதல் மருத்துவமனையில், துணியைக் கழற்று அல்லது வார்டுக்குப் போ என்றார்கள். தலை முழுவதும் மூடியிருக்க வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் பொதுவான இடம் அறுவை அரங்கு. என்னைக் கழற்றச் சொன்னவரே தொப்பியோடு நின்றுதான் சொன்னார். ஆனாலும் அவர் பக்கம் ஒரு நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. தெருவில் போட்டு வந்த துணியோடு உள்ளே நுழைவது சரியில்லைதான். தீர்வும் எளிதாக இருந்தது: மருத்துவமனையிலேயே சலவை செய்த துணி, ஒவ்வொரு அறுவைக்கும் புதிதாக ஒன்று. அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, கொடுக்க அவர்களுக்கும் தோன்றவில்லை. மூன்று மாதம் வார்டில் இருந்தேன். பின்னர் 2019 டிசம்பரில், இங்கிலாந்தின் ராயல் டெர்பி மருத்துவமனை ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஹிஜாபை அறுவை அரங்குக்குக் கொண்டுவந்த செய்தியைப் படித்தேன். அதற்காக முயன்றவர் ஓர் இளம் பெண் மருத்துவர். அந்தச் செய்தியை அச்செடுத்து லாக்கர் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தேன்.

இளமையில் ஒரு தவறு செய்தேன். தயங்கிய ஒரு மூதாட்டியிடம், திருமணத்தை எதிர்பார்க்காத வயதான பெண்கள் மேலாடையைக் களைந்துவைப்பதில் குற்றமில்லை என்று 24:60 சொல்கிறதே என்றேன். அறிவைக் காட்டும் வயது. அவர் அமைதியாக, "அந்த வசனத்தை முடிவுவரை ஓது" என்றார். அதைத் தவிர்த்துப் பேணிக்கொள்வது அவர்களுக்குச் சிறந்தது என்றுதான் அது முடிகிறது. அன்று முதல் நோயாளியிடம் சட்டம் பேசுவதில்லை.

மறுபக்கமும் பார்த்திருக்கிறேன். ஓர் இளம்பெண், கூட வந்த உறவினர்கள் கதவுக்கு அப்பால் போனதும், நான் சொல்வதற்கு முன்பே துணியை உருவி என் கையில் கொடுத்தாள். "வார்டுக்குப் போகும்வரை இது வேண்டாம் சிஸ்டர்" என்றாள். கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்ற 2:256ஆம் வசனத்தை அவளிடம் யாராவது சொல்லியிருப்பார்களா என்று தோன்றியது, நானும் சொல்லவில்லை. அவள் துணியையும் மற்றவர்களுடையதைப் போலவே மடித்துப் பையில் போட்டுப் பெயர் எழுதினேன். வார்டு வாசல் வந்ததும் கையை நீட்டினாள், கொடுத்தேன். என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி ஐந்து வேளையும் தொழுபவள், தொழுகைக்கு வெளியே முக்காடு போடாதவள். அவளிடம் நான் காரணம் கேட்டதில்லை. நான் போடுவதற்கு அவளும் கேட்டதில்லை.

பித்தப்பை அம்மாவுக்கு வருகிறேன். மயக்கம் தெளியும் நேரத்தில் சிலர் குழந்தை பெயரைச் சொல்வார்கள், சிலர் வலி என்பார்கள். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. கை மட்டும் மெல்ல எழுந்து, தொப்பியின் விளிம்பைத் தொட்டு, காதோரமாக ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு இறங்கியது. அதன்பிறகுதான் தண்ணீர் கேட்டார். உதட்டை நனைத்துவிட்டு, பையிலிருந்து துணியை எடுத்துப் போட்டுவிட்டேன். ஊசிகளை அவர் கையில் வைத்தேன். பாதித் தூக்கத்தில், விரலால் தடவி எண்ணினார்.

"ஆறுதான் இருக்கிறது."

உள்ளே விட்டுவிட்டோமோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அறுவைக் கருவிகளும் துணித் துண்டுகளும் சரியாக எண்ணி முடித்தாகிவிட்டது. அந்தக் கணக்கில் முக்காட்டு ஊசி வராது. ஸ்ட்ரெச்சரின் அடியில் தேடினேன். மெத்தையை உயர்த்திப் பார்த்தேன். தொப்பிகளை உதறினேன். அந்த அம்மா ஒரு கண்ணைத் திறந்து என் தோளைக் காட்டினார். பையில் போடும்போது நழுவிவிடாமல் இருக்கட்டும் என்று ஒன்றை என் முக்காட்டிலேயே குத்தி வைத்திருந்தேன்.