பென்சில் புள்ளியும் சேஸ் பதிவும்

சேஸ் பதிவு ஒருவழியாக வந்துவிட்டது. தென்னாப்பிரிக்கக் கல்வியாளர் மன்றம் தருகிற தற்காலிகப் பதிவுதான், ஆனாலும் என் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கிறது. டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் கிரெச்சில், அதாவது சிறு பிள்ளைகள் காப்பகத்தில், வேலை பார்க்கிற எத்தனையோ அக்காமார் சிறுபிள்ளைக் கல்வியில் நான்காம் நிலைப் படிப்பை முடித்துவிட்டு, இதற்கு விண்ணப்பிக்கத் தயங்கி நிற்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வகுப்பு, அசைன்மென்ட் எல்லாம் நன்றாகவே போயின. என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒரு கையெழுத்து.

படிப்பை முடிக்கக் கொடுக்கிற போர்ட்ஃபோலியோவில் ஒரு லாக்புக், அதாவது பயிற்சி வேலைக் குறிப்பேடு, வைக்க வேண்டும். அதில் பக்கத்துக்குப் பக்கம் கிரெச் பொறுப்பாளரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அப்போது நான் இருந்த கிரெச்சில் ஆரம்பத்தில் அதற்கு ஒரு தடையும் இல்லை. மினிபஸ் டாக்சி ஸ்ட்ரைக் நடந்த வாரத்தில்தான் வினை தொடங்கியது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள்கூட வரவில்லை. வராதவர்களுக்கு ரிஜிஸ்டரில் பேனாவால் ஆப்சென்ட் போட்டேன். மறுநாள் பொறுப்பாளர் கூப்பிட்டார். "இனிமே வராத பிள்ளைக்கு பென்சில்ல ஒரு புள்ளி மட்டும் வையும்மா. மாசக் கடைசியில நான் பாத்துக்கிறேன்."

எதற்கென்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசு மானியம் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது. புள்ளியை டிக் ஆக்கிவிட்டால் வராத பிள்ளையும் வந்த கணக்கில் சேர்ந்துவிடும். அப்போது 17 ரேண்ட். 2025 பட்ஜெட்டில்தான் 24 ஆக்கினார்கள். பல வருஷம் 17 ரேண்டிலேயே சாப்பாடும் சம்பளமும் ஓட்டியவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். பிள்ளை வராத நாளிலும் வாடகை நிற்காது, சமையல்கார அம்மாவுக்குச் சம்பளம் கொடுக்காமல் இருக்க முடியாது. அதனால் அவரை நான் திருடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் புள்ளியை வைக்க எனக்குக் கை வரவில்லை.

காரணம் பணம் மட்டும் இல்லை. சிறுவர் சட்டத்தின் 110ஆம் பிரிவுப்படி, ஒரு பிள்ளையை யாரோ அடித்துக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால் நாம் புகார் செய்தே ஆக வேண்டும், அதற்கான ஃபார்ம் 22 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். முதுகில் தழும்போடு திங்கட்கிழமை ஒரு பிள்ளை வந்து நின்றால், போன வியாழனும் வெள்ளியும் அது எங்கே இருந்தது என்று சொல்வதற்கு நம்மிடம் இருப்பது அந்த ரிஜிஸ்டர் ஒன்றுதான். அன்றைக்குப் புள்ளிக்கு மேல் டிக் விழுந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? படிப்பிலும் இதைத்தானே சொல்லிக் கொடுத்தார்கள்? குறிப்பு எழுதும்போது 'அடம் பிடித்தான்' என்று எழுதாதே, 'கட்டையைக் கேட்டு ஐந்து நிமிஷம் அழுதான்' என்று எழுது, பார்த்ததை மட்டும் எழுது என்று.

தொடர்ந்து பேனாவால்தான் போட்டேன். பக்கத்து வகுப்பு ஆன்ட்டி மட்டும் மெதுவாக, "நீ செய்றது சரிதான் கண்ணு, ஆனா கையெழுத்துக்கு அலைய விடுவாங்க" என்றார். அப்படியே நடந்தது. லாக்புக்கை நீட்டினால், இன்றைக்கு முத்திரை வீட்டில் இருக்கிறது, நாளைக்கு மீட்டிங், அடுத்த வாரம் பார்க்கலாம். கடைசியில் 'குழுவோடு ஒத்துழைப்பதில் முன்னேற்றம் தேவை' என்று ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு, கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்தார். அன்று பஸ்ஸில் அழுதுகொண்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

பெற்றோரிடம் சொல்லலாமா என்று தோன்றியது. சேஸ் ஒழுக்க நெறிகளில், ரகசியமான அலுவல் விஷயங்களைச் சம்பந்தமில்லாதவர்களிடம் பேசக் கூடாது என்று இருக்கிறது. அதனால் கேட்டில் நின்று பேசவில்லை. கிரெச்சின் நிர்வாகக் குழுவுக்குத் தேதி போட்டு ஒரு கடிதம் எழுதினேன். யார் மேலும் பழி சொல்லாமல், என்னிடம் என்ன கேட்கப்பட்டது, நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் எழுதினேன். நகல் ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். என் படிப்பின் மதிப்பீட்டாளரிடமும் லாக்புக் பிரச்சினையை எழுத்தில் கொடுத்தேன். வாரத் திட்டத் தாள்களில் ஆன்ட்டி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார், அவருக்கு ஐந்தாம் நிலைத் தகுதி உண்டு. மதிப்பீட்டாளர் நேரில் வந்து என் வகுப்பைப் பார்த்துவிட்டு அந்தத் தாள்களை ஏற்றுக்கொண்டார். மீதிப் பயிற்சி மணிநேரத்தை வேறொரு கிரெச்சில் முடித்தேன். நான் கிளம்புவதற்கு முன்பே பழைய கிரெச்சில் ரிஜிஸ்டர் பேனாவுக்கு மாறிவிட்டது. குழுத் தலைவர் வந்து ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தாராம். என் கடிதத்துக்குப் பதில் மட்டும் இன்றுவரை இல்லை.

அதற்கப்புறம் போலீஸ் கிளியரன்ஸ், அதாவது நம் மேல் குற்றப் பதிவு இல்லை என்ற சான்றிதழ். 2019 முதல் சேஸில் புதிதாகப் பதிபவர்கள் எல்லோரும் இதைக் கொடுக்க வேண்டும். ரேகை எடுத்த கான்ஸ்டபிள் அவசரத்தில் விரலை உருட்டாமல் அமுக்கி எடுத்துவிட்டார். தெளிவில்லை என்று பிரிட்டோரியாவிலிருந்து திரும்பி வந்தது. நாள் முழுக்கப் பிள்ளைகளின் கையையும் மூக்கையும் கழுவிவிடுகிற கை நம்முடையது, சோப்பில் ஊறி ரேகை தேய்ந்துதான் இருக்கும். ரேகை கொடுக்கப் போகும் முன் சில நாட்கள் ராத்திரியில் க்ரீம் தடவுங்கள். மை வைக்கும்போது விரல்களை விறைக்காமல் தளர விடுங்கள். ஒவ்வொரு ரேகையும் கோடு கோடாகத் தெரிகிறதா என்று அங்கேயே பாருங்கள். தெரியாவிட்டால் வேறு தாளில் எடுக்கச் சொல்லுங்கள், முறைத்தாலும் பரவாயில்லை. ஆறு மாதத்துக்கு மேல் பழைய சான்றிதழ் செல்லாது, அதனால் படிப்புச் சான்றிதழ் கைக்கு வருகிற நேரம் பார்த்து விண்ணப்பியுங்கள். ஐடி நகலில் முத்திரை போட போலீஸ் ஸ்டேஷனில் காசு கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

சேஸ் விண்ணப்பத்தைப் பொறுத்தவரை சொல்ல ஒன்றுமில்லை. தாள்கள் சரியாக இருந்தன, எண் வந்தது.

ஃபார்ம் 30 மட்டும் இன்னும் பாக்கி. சிறுவர் பாதுகாப்புப் பதிவேட்டின் 'பி' பகுதியில், அதாவது பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்கள் பட்டியலில், நம் பெயர் இருக்கிறதா என்று கேட்கிற விண்ணப்பம் அது. இல்லை என்ற பதில் கடிதம் சமூக மேம்பாட்டுத் துறையிலிருந்து வர வேண்டும். புதிய கிரெச்சில் கேட்டிருக்கிறார்கள். அனுப்பியதற்கான ரசீதைக் காட்டியிருக்கிறேன், அடுத்த வாரம் மறுபடி போன் செய்து கேட்க வேண்டும்.