பிசினஸ் ஜெட் டைப் ரேட்டிங்: எந்த விமானத்தில் பணம் போடுவது?

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கம் சி.பி.எல். (வணிக விமானி லைசென்ஸ்) முடித்த தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணே, ஏர்லைன்ல இன்னும் கூப்பிடல. ஒரு பிசினஸ் ஜெட் ரேட்டிங் போட்டுட்டா வேலை கிடைச்சிருமா? எதைப் போட?" ரேட்டிங் என்றால் ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்ட, பயிற்சி முடித்து லைசென்ஸில் ஏற்றும் தகுதி.

வேலைக்கான கடிதம் கைக்கு வரும் முன் ரேட்டிங்குக்குப் பணம் கட்டாதீர்கள். இதை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் திரும்பத் திரும்பச் சொல்வேன். சி.பி.எல்.லுக்கான 200 மணி நேரப் பறப்புக்கே பல வீடுகளில் வயலோ நகையோ அடகுக்குப் போயிருக்கும். அதன் மேல் இன்னும் பல லட்சம். பயணிகள் விமானமான ஏ320 என்றால் இண்டிகோ, ஏர் இந்தியா இரண்டிலும் அந்தக் குடும்ப விமானங்கள் நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. பிசினஸ் ஜெட் அப்படி அல்ல. சில வகைகள் நாடு முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கும். முதலாளி விமானத்தை விற்றுவிட்டால் ரேட்டிங் லைசென்ஸில் இருக்கும், ஓட்ட விமானம் இருக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் செக்கும் (திறன் சோதனை) சொந்தச் செலவாகிவிடும்.

நான் விமானத்தைத் தேடவில்லை, ஆபரேட்டரைத் தேடினேன். நான்-ஷெட்யூல்டு பெர்மிட் (கால அட்டவணை இல்லாமல் வாடகைக்குப் பறக்கும் அனுமதி) வைத்திருக்கும் நிறுவனங்களையும் அவற்றிடம் உள்ள விமானங்களையும் நம் நாட்டு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.ஜி.சி.ஏ. பட்டியலாக வெளியிடுகிறது. அதை வைத்து எந்த வகை எத்தனை இடத்தில் இருக்கிறது என்று நோட்டில் எழுதினேன். பிறகு ஒரு நிறுவனத்தின் ஆபரேஷன்ஸ் அறையில் சேர்ந்து ஃபிளைட் பிளான், வானிலை, பர்மிஷன் வேலைகளைச் செய்தேன். அங்கேதான் யார் விலகுகிறார், எந்த விமானத்துக்குக் கோ-பைலட் தேவை என்பதெல்லாம் முதலில் காதில் விழும். எனக்குக் கடிதம் வந்ததும் அந்த அறையில்தான்.

இரண்டு மூன்று வாய்ப்புகள் ஒன்றாக வந்தால் ரேட்டிங்கின் குடும்பத்தைப் பாருங்கள். செஸ்னாவின் சின்ன ஜெட்களான சிட்டேஷன் சி.ஜே. வரிசை பலவும் ஒரே சி.இ.-525 ரேட்டிங்குக்குள் வரும். வித்தியாசப் பயிற்சி எடுத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். எம்ப்ரேயர் லெகஸி 600, பயணிகள் விமானமான இ.ஆர்.ஜே.-145 குடும்பத்தில் பிறந்தது. ஸ்டார் ஏர் இங்கே அந்த 145-ஐ ஓட்டுகிறது. ஏர்லைன் கனவு விடாதவர்களுக்கு இது நல்ல பாலம். விமானத்தின் ஆயுளையும் கணக்கில் எடுங்கள். லியர்ஜெட் உற்பத்தி 2022-இல் நின்றது. ஹாக்கர் 800, 900 வரிசை அதற்கும் முன்பே நின்றுவிட்டது. ஆனால் ஃபால்கன் 2000-ஐ ரிலையன்ஸுடன் சேர்ந்து நாக்பூரில் தயாரிக்கப் போவதாக டசோ 2025-இல் அறிவித்திருக்கிறது. எனக்கு இப்போது வயது இருபத்திரண்டாக இருந்தால் அந்தப் பக்கம் ஒரு கண் வைத்திருப்பேன்.

பலர் கவனிக்காத ஒன்று மணிக்கணக்கு. சி.ஜே., எம்ப்ரேயரின் ஃபீனம் போன்றவை ஒரே பைலட் ஓட்டலாம் என்று சான்று பெற்றவை. அப்படிப்பட்ட விமானத்தில் கோ-பைலட்டாகப் பறந்த நேரத்தில் பாதிக்கு மேல் அடுத்த லைசென்ஸுக்குச் சேராது என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் பொதுவிதி, இருவர் ஓட்டும் முறையில் இயக்கினால் முழுதாகச் சேர்க்க அந்தந்த நாடு அனுமதிக்கலாம். கேப்டனாக உயரத் தேவையான ஏ.டி.பி.எல். லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் வேண்டும். ஆகவே உங்கள் மணிகள் எப்படி எண்ணப்படும் என்பதை டி.ஜி.சி.ஏ. விதியில் பார்த்துவிட்டு, ஆபரேட்டரிடமும் எழுத்தில் கேளுங்கள்.

சின்ன ஜெட்டைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். நம் தூத்துக்குடி விமான நிலையமான வாகைக்குளத்தின் ரன்வே 1,350 மீட்டராக இருந்த காலத்தில் ஏ320-க்கு அங்கே வழியில்லை, ஏ.டி.ஆர். போன்ற சின்ன டர்போப்ராப் விமானங்கள்தான் வந்து போயின. சின்ன சிட்டேஷனுக்கோ கடல் மட்டத்தில் சுமார் ஆயிரம் மீட்டர் போதும், வெயில் ஏற ஏற இன்னும் கொஞ்சம். இப்போது ரன்வே 3,115 மீட்டர், 2025 ஜூலையில் புது டெர்மினலும் திறந்தாயிற்று. ஆனால் குட்டி ரன்வேயில் எடையையும் வெப்பத்தையும் தானே கணக்குப் போட்டு இறங்கிய கோ-பைலட்டுக்கு வரும் நிதானம் தனி.

படிப்பு பற்றி. சிமுலேட்டர் பெரும்பாலும் வெளிநாட்டில்தான். அந்த மையத்துக்கு டி.ஜி.சி.ஏ. ஒப்புதல் உண்டா என்று பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். மெமரி ஐட்டம் (அவசரத்தில் புத்தகம் பார்க்காமல் செய்ய வேண்டியவை), லிமிட்டேஷன் (விமானத்தின் வரம்புகள்) இரண்டையும் ஊரிலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். அங்கே போய்ப் படிக்க நேரம் இருக்காது. காக்பிட் படத்தைப் பெரிதாக அச்சடித்து எங்கள் வீட்டு மச்சு அறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சுவிட்ச் வரிசையைக் கையால் தொட்டுத் தொட்டுச் சொல்வேன். தங்கச்சி செக்லிஸ்ட் வாசிப்பாள். எலெக்ட்ரிகல், ஹைட்ராலிக் படங்களைப் பார்க்காமல் வரையும் வரை விடாதீர்கள். வி1, அதாவது டேக்-ஆஃபை இனி நிறுத்த முடியாத வேகம், தாண்டியதும் இன்ஜின் நிற்பதைத்தான் சிமுலேட்டரில் மறுபடி மறுபடி கொடுப்பார்கள். அந்த நேரத்தில் கால் ரடரைத் தேடிக்கொண்டிருக்க, வாய் தானாகக் கால்-அவுட் சொல்ல வேண்டும்.

கடைசியாக பாண்டு, அதாவது இத்தனை வருடம் விலக மாட்டேன் என்று ஆபரேட்டருக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம். எத்தனை வருடம், விமானத்தை விற்றால் பாண்டு என்ன ஆகும், அடுத்தடுத்த செக்குகளுக்கு யார் செலவு என்ற மூன்றுக்கும் காகிதத்தில் பதில் இருக்க வேண்டும். திருநெல்வேலி கோர்ட் பக்கம் தெரிந்த வக்கீல் யாராவது இருப்பார். அவர் ஒருமுறை வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.