கொடைக்கானல் மலையை மட்டும் வெட்டி எடுத்தது

கொடைக்கானல் மலையில் மன்னவனூர், கூக்கால் ஊர்கள் பக்கம் போனால் பல இடங்களில் சிக்னல் இருக்காது. நெட் இல்லாமலே திறக்கிற வரைபடம் ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. எல்லோரும் சேர்ந்து வரையும் இலவச உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சர்வரிலிருந்து டைல்களை (வரைபடத்தின் சிறு சதுரத் துண்டுகளை) மொத்தமாக இறக்க அவர்கள் விதி அனுமதிப்பதில்லை. நன்கொடையில் ஓடுகிற சர்வர், அதில் கை வைக்கவும் கூடாது. அதே தரவை வைத்து புரோட்டோமேப்ஸ் என்ற திட்டம் உருவாக்கித் தரும் உலக வரைபடக் கோப்பைத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஒரே கோப்பு 100 ஜிபிக்கு மேல். அதில் ஒரு மலைப்பகுதியை மட்டும் நகலெடுக்க அவர்களுடைய பிஎம்டைல்ஸ் கருவியில் உள்ள 'எக்ஸ்ட்ராக்ட்' என்ற கட்டளை போதும். மூலக் கோப்பின் முகவரி, சேமிக்கும் பெயர், அப்புறம் எல்லை: 77.2, 10.1, 77.7, 10.5. மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு என்ற வரிசையில் போட வேண்டும். கூகுள் மேப்பில் எடுக்கும் எண்களில் அட்சரேகை முன்னால் வரும். அப்படியே ஒட்டினால் கொடைக்கானலுக்குப் பதில் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே உள்ள கடல்தான் கிடைக்கும்.

முதலில் 'டிரை ரன்' என்ற ஒத்திகை போட்டுப் பார்ப்பது நல்லது. டைல் எதையும் இறக்காமல், எத்தனை டைல், எவ்வளவு அளவு என்று சொல்லிவிடும். ஜூம் எண் கூடக் கூட வரைபடம் நெருங்கித் தெரியும்; ஜூம் 15-இல் உலகம் முழுக்க 107 கோடிக்கு மேல் டைல் இடம் உண்டு. நம் எல்லைக்குள் வருவது ஏறத்தாழ 1,700 தான். ஒவ்வொன்றும் 1.2 கிலோமீட்டர் சதுரம். ஜூம் 14-ஓடு நிறுத்தினால் இது கால்வாசியாகிவிடும். மலைப்பாதைகள் வேண்டும் என்பதால் 15 வரைக்கும் எடுத்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது இது வேலை செய்யும் விதம். கோப்பின் முதல் 16 கேபிக்குள் தலைப்பும் முதல் அட்டவணையும் இருக்கின்றன. கருவி முதலில் அதைப் படிக்கும். எந்த டைல் எந்த பைட்டில் தொடங்குகிறது என்று தெரிந்ததும் அந்தத் துண்டுகளை மட்டும் கேட்டு வாங்கும். டைல்கள் ஹில்பர்ட் வளைவு என்ற, எல்லாக் கட்டங்களையும் வளைந்து வளைந்து தொட்டுப் போகும் கோட்டின் வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதால் நிலத்தில் அக்கம்பக்கம் இருப்பவை பெரும்பாலும் கோப்பிலும் அருகருகே இருக்கும். சில கோரிக்கைகளிலேயே வேலை முடிந்துவிடுகிறது. சர்வர் பக்கம் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம், கோப்பைத் துண்டு துண்டாகத் தரத் தெரிந்தால் போதும். அவ்வளவு பெரிய கோப்பிலிருந்து ஒரு மலை மட்டும் பிரிந்து வருவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்!

வெட்டிய கோப்பை பிஎம்டைல்ஸ் சர்வ் கட்டளையில் ஓடவிட்டு, உலாவியில் வரைபடம் வரையும் மேப்லிப்ரே என்ற நிரலில் திறந்தேன். பூம்பாறை போகும் சாலையின் வளைவுகள் ஒவ்வொன்றும் துல்லியமாக வந்தன. தமிழ்ப் பெயர்கள்தான் உடைந்தன. 'டை' என்பதில் இடப்பக்கம் நிற்க வேண்டிய ஐகாரக் குறி 'ட'வுக்கு வலப்பக்கம் போய் நிற்கிறது. என்னிடம் உள்ள மேப்லிப்ரே பதிப்பு எழுத்துகளைத் தனித்தனிக் குறியாக வரைகிறது, சேர்த்து வடிவமைப்பதில்லை. டைலுக்குள் பெயர் சரியாகவே இருக்கிறது என்பதால் நகலில் குறையில்லை. இப்போதைக்கு ஆங்கிலப் பெயர்களைக் காட்டும்படி ஸ்டைலை (வரைபடத்தின் தோற்ற அமைப்பை) மாற்றி வைத்திருக்கிறேன். அடுத்து, பெயர்களை மட்டும் உலாவியே வரையும்படி தனி அடுக்காகப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.