பழைய ரைஸ் மில்லில் சிம்னியை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள்

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு பழைய ரைஸ் மில் இருக்கிறது, மூடி ரொம்ப வருஷமாகிறது. ஊர் பேரை எழுதவில்லை, பங்காளிகளுக்குள் இன்னும் பேசித் தீராத சொத்து. அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் சிம்னியைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் டெல்டாவில் மில் என்பது நெல் அரைக்கிற இடம் மட்டுமில்லை, நெல் அவிக்கிற இடம். நாம் சாப்பிடுகிற புழுங்கலரிசிக்கு ஏற்றபடிதான் அந்தக் கட்டடம் முழுக்க அமைந்திருக்கிறது.

நெல் போன வழியிலேயே நடந்து பாருங்கள், புரியும். முதலில் வரிசையாகத் தொட்டிகள். நெல்லைக் கொட்டிப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போடுவார்கள், அந்தப் புளித்த வாடை தெரு முனை வரைக்கும் வரும். அடுத்து, ஊறிய நெல்லை அவிக்க ஆவி கொடுத்த பாய்லர் கொட்டகை. அதில் எரிந்தது விறகில்லை, அந்த நெல்லின் உமியேதான். 100 கிலோ நெல்லில் சுமார் 20 கிலோ உமி கிடைத்துவிடும். உமி வந்து விழுகிற அறைக்கும் அடுப்பு வாய்க்கும் நடுவில் சுவரில் ஒரு சதுரத் திறப்பு விட்டிருக்கிறார்கள், கூடையைத் தூக்கிக்கொண்டு சுற்றி வர வேண்டியதில்லை. கட்டியவர் வேலை தெரிந்தவர்.

அப்புறம் களம். மில்லிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். செங்கல் பாவி மேலே பூசிய பெரிய வெட்டவெளி, நடு கொஞ்சம் உயர்ந்து நான்கு ஓரத்துக்கும் சரிகிறது, சும்மா நின்று பார்த்தால் சரிவே தெரியாது, மழை பெய்தால் தண்ணீர் ஒரு இடத்தில்கூட நிற்காமல் ஓடுவதைப் பார்க்கலாம். ஐப்பசி அடைமழைக்கு நடுவே கிடைக்கிற வெயிலில் அவித்த நெல்லைக் காய வைத்தாக வேண்டிய ஊரில் இந்தச் சரிவு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் காலாலேயே நெல்லைக் கிளறிக்கொண்டு உச்சி வெயிலில் போவதும் வருவதுமாக இருந்த இடம் அது. மில் முதலாளிகளைப் பற்றி ஊரில் ஆயிரம் கதை இருக்கிறது, களத்தில் கால் கொப்பளித்தவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

மெஷின் கட்டடம் சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய கனமான செங்கல் சுவர், மேலே மரச்சட்டத்தில் ஓடு, தவிட்டுத் தூசி வெளியேறுவதற்காகக் கூரை உச்சியை மட்டும் உயர்த்திக் காற்றுக்கு வழி விட்டிருக்கிறார்கள். முதலில் ஆயில் என்ஜின், பிறகு கரண்ட் மோட்டார். அது நீளமான ஒரே இரும்புத் தண்டைச் சுழற்றும், தண்டிலிருந்து பெல்ட் போட்டு நெல்லை உரிக்கிற ஹல்லர், சல்லடை, நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டர் எல்லாம் ஓடும். மெஷின்கள் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. ஆனால் பெல்ட் நுழைந்த நீளத் துளைகளும் சுவரில் படிந்த எண்ணெய்க் கறையும் அப்படியே இருப்பதால் எது எங்கே நின்றது என்று இன்றைக்கும் சொல்லிவிடலாம். பாய்லர் பார்த்த பெரியவர் ஒருவர் கூட வந்தார். "இங்க நின்னா பக்கத்து ஆள் பேசுறது கேக்காது தம்பி, பெல்ட் சத்தத்த வச்சே எது மக்கர் பண்ணுதுன்னு சொல்லிப்புடுவேன்" என்றார்.

மூடியதற்குக் காரணம் ஒன்றில்லை. ஹல்லர் உமியையும் தவிட்டையும் ஒரே ஓட்டத்தில் உரிக்கும், அதில் அரிசி உடைந்து நொய்யாகும், தவிட்டில் உமி கலந்துவிடும். ரப்பர் ரோலர் வைத்த நவீன ஆலைகளுக்கு முன்னால் அது நிற்க முடியவில்லை. 1972-இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்து, கொள்முதல் நிலையங்கள் பெருகி, நெல் வயலிலிருந்து நேராக அங்கே போக ஆரம்பித்தது. வீட்டுக்கென்று நான்கு மூட்டை அவித்து அரைக்கிற பழக்கமும் குறைந்துபோனது.

இப்போதைய நிலைமை மோசம். 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைத் தூக்கிப் போனது, திரும்ப வேயவில்லை. சுவர் உச்சி திறந்து கிடப்பதால் ஒவ்வொரு மழைக்கும் காரை கரைகிறது. சிம்னியில் அரசங்கன்று வேர் விட்டிருக்கிறது, மேலாக வெட்டினால் மறுபடி தழையும், வேரைக் கொன்றால்தான் உண்டு. இதைவிட எனக்கு ஆத்திரம், யாரோ சுவரைச் சரி செய்கிறேன் என்று சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் உள்ளே போன ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அதை அடைத்துவிடும். பூசிய இடத்தைச் சுற்றிச் செங்கல் பொரிந்து மாவாகக் கொட்டுகிறது.

பாபநாசம் பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலில் ரகுநாத நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இருக்கிறது, கூம்பு மாதிரி குவிந்த உச்சியோடு வட்டமாக, செங்கல்லில் கட்டியது. தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது, அதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் நெல்லைச் சேர்த்து வைத்த இடத்துக்கு இருக்கிற மரியாதை, அதை அவித்து அரிசியாக்கிய இடத்துக்கும் வேண்டும். களத்தை உடைத்து மனை போடுவதாகப் பேச்சு அடிபடுகிறது. சிம்னியை மட்டும் அடையாளத்துக்கு விட்டுவிடலாம் என்கிறார்கள். தொட்டியும் களமும் போன பிறகு அந்தச் சிம்னி எதற்கு நின்றது என்று யாருக்குத் தெரியும்?

பணம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். சுவர் உச்சியைப் படுதா போட்டு மூடலாம், கன்றுகளை வேரோடு எடுக்கலாம், மொத்த இடத்தையும் அளந்து வரைந்து வைக்கலாம். பங்காளிகளில் ஒருவர் அளப்பதற்குச் சரி சொல்லியிருக்கிறார். டேப் பிடிக்கத் தெரிந்தவர்கள், படம் வரையத் தெரிந்தவர்கள் மன்னார்குடி பக்கம் இருந்தால் எழுதுங்கள், மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.